மதுரையில் பெற்றோர் வீட்டுக்கு: கேபிளா, டிடிஎச்சா, இணையமா?

வைகைக்கரை:

அனைவருக்கும் வணக்கம். திருமங்கலம் பக்கத்தில் தனி வீட்டில் இருந்த என் பெற்றோர், வரும் மாதம் மதுரை நகருக்குள் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் இரண்டாம் தளத்துக்குக் குடிவருகிறார்கள். அம்மாவுக்கு மாலை விளக்கேற்றிய பிறகு சன் டிவி, விஜய் டிவி இரண்டின் தொடர்களும் வேண்டும். அப்பாவுக்குச் செய்தியும் கிரிக்கெட்டும் இருந்தால் வேறு எதுவும் தேவையில்லை. கூடத்தில் 43 அங்குல ஸ்மார்ட் டிவியும் படுக்கையறையில் பழைய 32 அங்குல டிவியும் இருக்கின்றன. நான் பெங்களூரில் வேலை பார்ப்பதால், பழுது வந்தால் அவர்களே ஒருவரை அழைத்துச் சரிசெய்துகொள்ளும்படியான ஏற்பாடாக இருக்க வேண்டும் என்பதே என் முதல் நிபந்தனை. எந்த நிறுவனத்தின் இணைப்பை எடுக்கலாம் என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும். கேபிளா, டிஷ் வைத்து நேரே செயற்கைக்கோளிலிருந்து வாங்கும் டிடிஎச்சா, இணையமே போதுமா என்பதிலேயே எங்கள் வீட்டில் மூன்று பேருக்கு மூன்று கருத்து.

மொட்டைமாடி:

டிஷ் மாட்டும் தொழிலில் இருப்பவன் நான். நிறுவனத்தின் பெயரைக் கேட்பதற்கு முன்னால், உங்கள் குடியிருப்பு எந்தத் திசையைப் பார்க்கிறது என்பதைச் சொல்லுங்கள். டிடிஎச் செயற்கைக்கோள்கள் எல்லாம் நிலநடுக்கோட்டுக்கு மேலே, ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில், ஒவ்வொன்றும் தனக்குரிய தீர்க்கரேகையில் நிற்கின்றன. டாடா பிளே 83 டிகிரி கிழக்கு, டி2எச் 88, சன் டைரக்ட் 91.5, தூர்தர்ஷனின் ஃப்ரீ டிஷ் 93.5, டிஷ் டிவி 95, ஏர்டெல் 108.2. மதுரை 78 டிகிரியில் இருப்பதால் இவை அனைத்தும் நமக்குத் தெற்குக்கும் கிழக்குக்கும் இடைப்பட்ட வானத்தில்தான் இருக்கின்றன. ஆனால் உயரம் ஒன்றுபோல இல்லை. டாடா பிளேயின் கோள் கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு மேல், அடிவானத்திலிருந்து 77 டிகிரி ஏற்றத்தில் நிற்கிறது. சன் டைரக்ட் 70 டிகிரி அளவில், தென்கிழக்கில். ஏர்டெல்லோ 53 டிகிரி அளவில், ஏறக்குறைய நேர் கிழக்கில். ஆகவே கிழக்குப் பக்கத்து மனையில் நெருக்கமாக ஓர் உயர்ந்த கட்டடம் எழுந்திருந்தால், முதலில் மறைக்கப்படுவது ஏர்டெல்லின் பார்வைக் கோடுதான். தட்டைப் பார்த்தால் இவ்வளவு நிமிர்ந்து பார்ப்பதாகத் தெரியாது. அலையை வாங்கும் எல்என்பி கருவி கீழிருந்து கை நீட்டி நிற்கும் வகைத் தட்டு என்பதால், அதன் முகம் காட்டும் சரிவைவிட 25 டிகிரி அளவுக்குக் கூடுதலாக மேலே பார்க்கும்.

மேற்கோ வடக்கோ பார்த்த பால்கனி மட்டுமே உங்களுக்கு இருக்கிறது என்றால், அங்கே டிஷ் வைக்கும் பேச்சுக்கே இடமில்லை. மொட்டை மாடிக்குத்தான் போக வேண்டும்.

வைகைக்கரை:

விளக்கத்துக்கு மிக்க நன்றி, அண்ணே. பால்கனி மேற்குப் பார்த்தது. கிழக்கே, இருபதடிக்குள் ஐந்து மாடிக் கட்டடம் ஒன்று இருக்கிறது. எங்கள் கட்டடம் நான்கு மாடி. மொட்டை மாடியில் டிஷ் வைக்கச் சங்கத்தின் அனுமதி வேண்டும் என்று விற்றவர் சொன்னார். கொடுப்பார்களா என்பது தெரியவில்லை. மழையைப் பற்றியும் சொல்லுங்கள், அப்பா அதைத்தான் முதலில் கேட்கிறார்.

மொட்டைமாடி:

மழை பெய்தால் டிடிஎச் படுத்துவிடும் என்பது பாதி உண்மை. இந்தச் சேவைகள் பயன்படுத்தும் கேயூ அலைவரிசையில் அலையின் நீளம் இரண்டரை செ.மீ. அளவே இருப்பதால், பெரும் துளிகளாகக் கொட்டும் மழை அந்த அலையை உறிஞ்சியும் சிதறடித்தும் விடுகிறது. தூறலோ நாள் முழுக்க நசநசவென்று பெய்யும் மழையோ ஒன்றும் செய்யாது; ஐப்பசி, கார்த்திகையில் இருட்டிக்கொண்டு அடித்துப் பெய்யும்போது கொஞ்ச நேரம் படம் கட்டம் கட்டமாக உடைந்து நின்றுபோகும், மழை தணிந்ததும் தானாகத் திரும்பும்.

அடிக்கடி நிற்கிறது என்று குறை சொல்லும் வீடுகளில் நான் பார்த்தவரை, காரணம் மழையைவிட மாட்டிய விதம்தான். செட் டாப் பாக்ஸின் மெனுவில் சிக்னலின் தரத்தைக் காட்டும் கோடு ஒன்று உண்டு. வெயில் நாளில் அது 60-இல் நின்றாலும் 90-இல் நின்றாலும் திரையில் தெரியும் படம் ஒன்றுதான். ஆகவே அவசரத்தில் வரும் பையன்கள் படம் வந்ததும் போல்ட்டை இறுக்கிவிட்டுப் போய்விடுகிறார்கள். அந்த 30 புள்ளி இருப்பு இல்லாத வீட்டில்தான் மேகம் கறுத்தாலே படம் போகிறது. யார் மாட்ட வந்தாலும், அந்தக் கோட்டைத் திரையில் காட்டச் சொல்லி, தட்டை நூலளவு இப்படியும் அப்படியும் அசைத்து, உச்சத்தில் நிறுத்திய பிறகே இறுக்கச் சொல்லுங்கள். போனைக் கையில் பிடித்துக்கொண்டு உங்கள் அப்பா கூடத்தில் உட்கார்ந்து எண்ணைச் சொன்னால் போதும்.

இதோடு இன்னொன்றும் உண்டு. ஆண்டுக்கு இருமுறை, மார்ச்சையும் அக்டோபரையும் ஒட்டிய சில நாட்களில், சூரியன் செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் வரும்போது பட்டப்பகலில் சில நிமிடங்கள் படம் போகும். அதற்காக யாரையும் வரவழைத்துக் காசு கொடுக்க வேண்டாம்.

சிட்டை:

கட்டணத்தைப் பற்றி யாரும் இன்னும் பேசவில்லை என்பதால் சொல்கிறேன். 2019 பிப்ரவரி முதல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் கொண்டுவந்த முறைப்படி, கேபிளானாலும் டிடிஎச்சானாலும் உங்கள் மாதக் கட்டணம் இரண்டு பகுதிகளாக இருக்கிறது. ஒன்று, என்சிஎஃப் என்ற இணைப்புக் கட்டணம். மற்றொன்று, நீங்கள் தேர்ந்தெடுக்கும் கட்டணச் சேனல்களின் விலை. இரண்டின் மீதும் 18 சதவீத ஜிஎஸ்டி. தொடக்கத்தில் 100 சேனல்களுக்கு 130 ரூபாய் என்று இணைப்புக் கட்டணத்துக்கு உச்சவரம்பு இருந்தது. வரியோடு 153 ரூபாய் 40 காசு. 2020-இல் அதே 130 ரூபாய்க்கு 200 சேனல்கள் என்று ஆனது. 2024 ஜூலையில் அந்த உச்சவரம்பையே நீக்கிவிட்டார்கள். அதாவது இப்போது ஒவ்வொரு நிறுவனமும் தனக்கு உகந்ததை வைத்துக்கொள்ளலாம், ஆனால் அதை வெளியிட வேண்டும்.

இதில் பலரும் கவனிக்காத செய்தி, சேனலின் விலை என்பது விநியோகம் செய்பவரின் விலை அல்ல என்பது. சேனல் நிறுவனம் அறிவித்த அதிகபட்ச விலைக்கு மேல் எந்த கேபிள்காரரும் எந்த டிடிஎச் நிறுவனமும் வாங்கக் கூடாது. தொகுப்புக்குள் சேர்க்கப்படும் எந்தச் சேனலின் விலையும் 19 ரூபாயைத் தாண்டக் கூடாது என்பதும் விதி. ஆகவே சன்னும் விஜயும் இங்கே மலிவு, அங்கே விலை அதிகம் என்று யாராவது சொன்னால், வேறுபாடு இணைப்புக் கட்டணத்திலோ, உங்களுக்குத் தேவையில்லாத சேனல்களைச் சேர்த்துக் கட்டிய பேக்கிலோதான் இருக்கும். எடுத்துக்காட்டாக, இணைப்புக் கட்டணம் 130, சேனல்களுக்கு 60 என்று வைத்தால் 190. வரி 34 ரூபாய் 20 காசு. மொத்தம் 224 ரூபாய் 20 காசு. உங்கள் அம்மாவின் பட்டியலுக்கு இதற்கு மேல் பெரிதாகப் போக வேண்டியதில்லை. விளையாட்டுச் சேனலைச் சேர்க்கும்போதுதான் தொகை நகரும். தமிழ்ச் செய்திச் சேனல்களில் பெரும்பாலானவை கட்டணமற்றவை. அவற்றுக்கென்று தனியாக எதுவும் கொடுக்காதீர்கள்.

நிறுவனம் தானாகப் பரிந்துரைக்கும் பேக்கை அப்படியே ஏற்காமல், சேனல் சேனலாகத் தேர்ந்தெடுத்து ஒருமுறை கூட்டிப் பார்த்துவிட்டு, அதன் பிறகு பேக்கோடு ஒப்பிடுங்கள். சில சமயம் பேக்கே மலிவாக வரும். சில சமயம் ஒருவரும் பார்க்காத பிறமொழிச் சேனல்களுக்கு மாதாமாதம் கட்டிக்கொண்டிருப்பீர்கள்.

பந்தடி மல்லிகை:

எல்லோரும் வானத்தையே பார்க்கிறீர்களே. வைகைக்கரை தம்பி சொன்ன முதல் நிபந்தனை, வயதானவர்கள் தாங்களே ஒருவரை அழைத்துப் பேச வேண்டும் என்பது. அதற்குக் கேபிளை மிஞ்ச வேறில்லை. எங்கள் தெருவில் கேபிள்காரர் வீட்டுக்கு வீடு முகம் தெரிந்தவர். ரிமோட்டில் ஏதோ ஒரு பொத்தானை அழுத்திப் படம் மறைந்துவிட்டது என்று என் மாமியார் போன் செய்தால், சாயங்காலத்துக்குள் பையன் வந்து நிற்பான். டிடிஎச் நிறுவனத்தின் எண்ணுக்கு அழைத்தால் ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்று கேட்டு முடிப்பதற்குள் தொடரே முடிந்துவிடும்.

அரசு கேபிளையும் விட்டுவிட வேண்டாம். 2011-இல் மாதம் 70 ரூபாய்க்குக் கொடுக்கத் தொடங்கி, 2017-இல் டிஜிட்டல் உரிமம் பெற்று, 2019 ஆகஸ்டில் கட்டணத்தை 130 ரூபாயும் வரியும் என்று குறைத்தார்கள். உங்கள் குடியிருப்புக்கு வரும் ஆபரேட்டர் அரசு இணைப்பு வைத்திருக்கிறாரா, தனியார் இணைப்பு வைத்திருக்கிறாரா என்று முதலில் கேளுங்கள். பெரும்பாலும் ஒரு பகுதிக்கு ஓர் ஆபரேட்டர்தான் இருப்பார் என்பதால், கேபிளில் நாம் நிறுவனத்தைத் தேர்ந்தெடுப்பதில்லை, ஆளைத்தான் தேர்ந்தெடுக்கிறோம்.

மொட்டைமாடி:

அம்மா சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் மின்வெட்டைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்கள். கேபிள் உங்கள் வீட்டுக்கு வரும் வழியில் தெருவில் சிக்னலைப் பிரித்தும் பெருக்கியும் அனுப்பும் நோடும் ஆம்ப்ளிஃபயர்களும் இருக்கின்றன. அவை இருக்கும் தெருவில் மின்சாரம் போய், ஆபரேட்டர் பேட்டரி வைக்காமல் இருந்தால், உங்கள் வீட்டில் இன்வெர்ட்டர் ஓடினாலும் திரை நீலமாகத்தான் நிற்கும். டிஷ்ஷுக்கு அந்தத் தொல்லை இல்லை. லாரி இழுத்துப்போகும் ஒயர், தேரோட்டத்துக்குக் கழற்றி மாட்டும் ஒயர் என்பதெல்லாம் கேபிளின் கணக்கில்தான் வரும்.

பந்தடி மல்லிகை:

அதை மறுக்கவில்லை. அதனால்தான் ஆளைப் பாருங்கள் என்றேன். பேட்டரி வைத்திருக்கிறாரா என்று அதே குடியிருப்பில் முன்பே குடியிருக்கும் இரண்டு வீடுகளில் கேட்டால் தெரிந்துவிடும்.

இணையன்:

நான் வேறு பக்கத்திலிருந்து வருகிறேன். கூடத்தில் ஸ்மார்ட் டிவி இருக்கிறது, எப்படியும் வீட்டுக்கு ஃபைபர் இணைப்பு எடுக்கத்தான் போகிறீர்கள். அம்மாவின் சன் தொடர்கள் சன் நெக்ஸ்ட்டில் இருக்கின்றன. விஜய் தொடர்கள் ஜியோஹாட்ஸ்டாரில். தமிழ்ச் செய்திச் சேனல்கள் பலவும் யூடியூபில் நாள் முழுதும் நேரலையாக ஓடுகின்றன, அதற்குச் சல்லிக்காசு வேண்டாம். சட்டப்படியும் கைக்கு அடக்கமாகவும் எல்லாம் இருக்கும்போது, டிஷ்ஷையும் ஒயரையும் எதற்குச் சுமக்க வேண்டும்? ஃபைபரில் வழியிலே மின்சாரம் வாங்கும் கருவிகள் பெரும்பாலும் கிடையாது. ரூட்டரை இன்வெர்ட்டரில் மாட்டிவிட்டால் மின்வெட்டுக்கும் கவலையில்லை. இணைய நிறுவனங்களே சேனல்களை ஃபைபர் வழியாகக் கொடுக்கும் ஐபிடிவியும் இப்போது வந்துவிட்டது. பிஎஸ்என்எல் 2024 அக்டோபரில் தமிழ்நாட்டிலேயே தொடங்கியிருக்கிறது.

பந்தடி மல்லிகை:

உங்கள் வீட்டில் எழுபது வயதுக்காரர் இருக்கிறாரா? டிவியைப் போட்டதும் நேற்று பார்த்த சேனல் ஓடிக்கொண்டிருக்க வேண்டும் என்பது அவர்களுடைய எதிர்பார்ப்பு. செயலியைத் திறந்து, கணக்கைத் தேர்ந்தெடுத்து, தேடிப் பிடித்து, நடுவில் ஓடிபி கேட்டால் அது பெங்களூரில் இருக்கும் மகனின் போனுக்குப் போய்... வேண்டாம் தம்பி. ஆறரை மணித் தொடரை எட்டு மணிக்கு நிதானமாகப் பார்க்கலாம் என்று நாம் வசதியாக நினைப்பதை, அவர்கள் வசதியாக நினைப்பதில்லை. ஆறரைக்குப் பார்த்துவிட்டு ஏழு மணிக்கு அக்காவிடம் போனில் அதைப் பற்றிப் பேச வேண்டும்.

இணையன்:

நியாயமான பேச்சு, அக்கா. ஆனால் ஐபிடிவியில் அந்தச் சிக்கல் இல்லை, பெட்டியும் எண் பொத்தான் ரிமோட்டும்தான். உங்கள் பகுதியில் கிடைக்கிறதா, கேட்கும் தமிழ்ச் சேனல்கள் அதில் இருக்கின்றனவா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். கிரிக்கெட்டைச் செயலியில் பார்த்தால் சில நொடி தாமதம் உண்டு என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். பக்கத்து வீட்டில் ஆரவாரம் கேட்ட பிறகுதான் நம் திரையில் பந்து எல்லைக்கோட்டைத் தாண்டும்.

பழைய ஆன்டெனா:

கிரிக்கெட் என்ற சொல் வந்ததால் உள்ளே வருகிறேன். ஃப்ரீ டிஷ்ஷை யாரும் மதிப்பதில்லை. 2004 டிசம்பரில் தொடங்கியது. மாதச் சந்தா கிடையாது. பெட்டியும் தட்டும் வாங்கும் செலவு ஒருமுறைதான். தேசிய முக்கியத்துவம் உள்ள ஆட்டங்களின் ஒளிபரப்பைத் தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதியோடு பகிர வேண்டும் என்று 2007-இல் வந்த சட்டப்படி, இந்திய அணி ஆடும் ஒருநாள், இருபது ஓவர் ஆட்டங்கள் பலவும் தூர்தர்ஷனில் வருகின்றன. அப்படிப் பெறும் ஒளிபரப்பைத் தூர்தர்ஷன் தன்னுடைய தரைவழி, ஃப்ரீ டிஷ் ஆகியவற்றில் மட்டுமே காட்டலாம், தனியார் கேபிள், டிடிஎச் வழியாகக் காட்டக் கூடாது என்று 2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பணம் கட்டும் டிடிஎச்சில் டிடி ஸ்போர்ட்ஸைப் போட்டால் அந்த நேரத்தில் வேறு ஏதோ ஓடுவதற்கும், சந்தா கட்டாத பக்கத்து வீட்டுக்காரர் ஆட்டத்தைப் பார்ப்பதற்கும் காரணம் இதுதான். ஐபிஎல் இந்தப் பட்டியலில் இல்லை என்பதை மட்டும் அப்பாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

சன், விஜய், ஜீ தமிழ் போன்ற கட்டணச் சேனல்கள் அதில் வராது. ஆகவே அம்மாவுக்கு அது உதவாது. பொதிகையாக இருந்து 2024 ஜனவரியில் டிடி தமிழ் என்று மாறிய சேனல் வரும்.

இன்னொரு பழைய கதையும் சொல்ல வேண்டியிருக்கிறது. நான் 2003-இல் சென்னையில் இருந்தேன். கட்டணச் சேனல் பார்க்க செட் டாப் பாக்ஸ் வாங்கியே ஆக வேண்டும் என்ற முறை அந்த செப்டம்பரில் அங்கே நடைமுறைக்கு வந்தபோது, வாங்கிய பெட்டி ஆபரேட்டரை மாற்றினால் எதற்கும் உதவாது என்பதைப் பலரும் காசு கொடுத்த பிறகே தெரிந்துகொண்டார்கள். இன்றும் அதே நிலைதான். ஒரு நிறுவனத்தின் பெட்டி இன்னொன்றில் வேலை செய்யும்படி இருக்க வேண்டும் என்று டிராய் 2020 ஏப்ரலில் பரிந்துரைத்தது. நடைமுறையில் பெட்டியை மாற்றாமல் நிறுவனத்தை மாற்ற முடிவதில்லை. சிம் கார்டைப் போல எண்ணை வைத்துக்கொண்டு ஆளை மாற்றலாம் என்று நினைக்காதீர்கள்.

சிட்டை:

மிக முக்கியமான இடத்தைத் தொட்டீர்கள், ஐயா. அதனால்தான் இணைப்பு எடுக்கும் நாளில் மாதக் கட்டணத்தைவிடப் பெட்டியைப் பற்றித்தான் அதிகம் கேட்க வேண்டும். அது விற்பனையா, வாடகையா, திருப்பித் தரும் வைப்புத்தொகையா? எழுத்தில் கொடுக்கிறார்களா? முன்பு பொருத்தும் கட்டணத்துக்கு 350 ரூபாயும், செயல்படுத்தும் கட்டணத்துக்கு 100 ரூபாயும் உச்சவரம்பாக இருந்தன. 2024 திருத்தத்தில் அவற்றையும், பழுதுபார்க்க வருவதற்கான கட்டணம், வீடு மாற்றும் கட்டணம், இணைப்பைச் சில மாதம் நிறுத்திவைக்கும் கட்டணம் ஆகியவற்றையும் நிறுவனத்தின் விருப்பத்துக்கு விட்டுவிட்டார்கள். உங்கள் பெற்றோர் கோடையில் பெங்களூருக்கு வந்து ஒன்றிரண்டு மாதம் தங்குவார்கள் என்றால், இந்த நிறுத்திவைக்கும் வசதி கட்டாயம் தேவைப்படும். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில், ஆறு மாதத்துக்கு மொத்தமாகக் கட்டிவிட்டு இரண்டு மாதம் பூட்டிப் போனவர்கள், அந்தத் தொகையைத் திரும்பக் கேட்டபோது நிறுவனம் கையை விரித்துவிட்டது. நீண்ட காலச் சலுகை என்று சொன்னாலும் முதலில் மாதாமாதமே கட்டிப் பாருங்கள்.

இரண்டு டிவி என்பதால் இன்னொன்று. ஒரே பெட்டியிலிருந்து ஒயரைப் பிரித்து இரண்டாவது டிவிக்குக் கொண்டுபோனால் இரண்டிலும் ஒரே சேனல்தான் ஓடும். அம்மா தொடரும் அப்பா செய்தியும் ஒரே நேரத்தில் வேண்டும் என்றால் இரண்டு பெட்டி அவசியம். இரண்டாவது டிவிக்கு இணைப்புக் கட்டணத்தில் 40 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்று 2020-இல் சொன்னார்கள். உச்சவரம்பே நீங்கிவிட்ட இன்றைய நிலையில், இரண்டாவது பெட்டிக்கு என்ன வாங்குகிறார்கள் என்பதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு கையெழுத்திடுங்கள்.

வைகைக்கரை:

எல்லோருடைய பதிலையும் அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். சங்கச் செயலாளரிடமும் பேசினேன். மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குத் தெற்குப் பக்கம், ஏற்கெனவே இரண்டு டிஷ் இருக்கும் இரும்புச் சட்டத்தில் இன்னொன்று மாட்டிக்கொள்ளலாம் என்றும், தரையில் துளை போடக் கூடாது என்றும் சொல்லியிருக்கிறார். கேபிள் ஆபரேட்டர் அடுத்த தெருவிலேயே இருக்கிறார். பேட்டரி வைத்திருப்பதாக மூன்றாம் தளத்து அம்மா சொன்னார்கள். ஐபிடிவி அந்தப் பகுதிக்கு இன்னும் வரவில்லை என்று இணைய நிறுவனத்தின் ஆள் சொல்லிவிட்டார்.

ஆகவே கூடத்துக்குக் கேபிள், அதில் அம்மாவின் சேனல்கள் மட்டும். படுக்கையறைக்கு ஃப்ரீ டிஷ், அப்பாவின் ஆட்டங்களுக்காக. செய்தியை அவர் கூடத்து டிவியில் காலையில் பார்த்துக்கொள்வதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். தொடர் நேரத்தில் செய்தி வேண்டும் என்று கேட்டால் கேபிளில் இரண்டாவது பெட்டியைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்று இருக்கிறோம். ஐபிஎல் மாதங்களில் மட்டும் செயலிக்குச் சந்தா கட்டிவிடுவேன். நான்காம் மாடி மேலிருந்து இரண்டாம் தளத்துக்கு ஒயர் இறக்கினால் சிக்னல் குறையுமா, அண்ணே?

மொட்டைமாடி:

குறையாது. ஆர்ஜி6 என்ற டிஷ் ஒயரை நடுவில் ஒட்டுப் போடாமல் ஒரே நீளமாக இறக்கச் சொல்லுங்கள். இருபது, முப்பது மீட்டர் அதற்குப் பெரிய தூரமல்ல. எல்என்பியில் திருகும் இடத்தில் ரப்பர் உறை போட்டு, அதற்குக் கீழே ஒயரை ஒரு சுற்றுத் தொங்கவிட்டுக் கட்ட வேண்டும். அப்போதுதான் மழைத்தண்ணீர் ஒயர் வழியே ஓடி இணைப்புக்குள் இறங்காமல் அந்த வளைவில் சொட்டிவிடும். ஜன்னலுக்குள் நுழையும் இடத்திலும் அப்படியே. ஃப்ரீ டிஷ்ஷின் கோள் தென்கிழக்கில் 69 டிகிரி அளவுக்கு உயரத்தில் இருப்பதால், இருபதடி தள்ளி நிற்கும் ஐந்து மாடிக் கட்டடம் நான்காம் மாடித் தளத்திலிருந்து பார்க்கும்போது அதை மறைக்காது. ஆனால் தண்ணீர்த் தொட்டியின் நிழல் தட்டின் மேல் விழாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். பழைய டிவியில் எச்டிஎம்ஐ இல்லாவிட்டால், மூன்று வண்ண ஒயர் போகும் பெட்டியாகக் கேட்டு வாங்குங்கள்.